கடைசி ஸ்டாப்பைப் பற்றிப் பத்தொன்பது குறிப்புகள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு எங்கள் கட்டடத்தில் எல்லா வீட்டிலிருந்தும் பூண்டு வதக்குகிற வாசனை வரும். மூன்றாம் மாடியில் இவனில்டி கோழியோடு வெண்டைக்காயைப் போட்டுக் கொதிக்கவிட்டு, பக்கத்து அடுப்பில் சோளமாவுக் களியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் ரொசால்வோ பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு கம்ப்யூட்டர் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஞாயிறுதான் வேலை நாள். எங்கள் ஊர் ஜுயிஸ் டி ஃபோராவும் சரி, மற்ற ஊர்களும் சரி, ஞாயிறன்றுதான் வீட்டில் சும்மா இருக்கும். இணையத்தில் போக்கர் ஆட வாத்துகள் கூட்டமாக வந்து உட்காருவதும் அன்றைக்குத்தான்.

வாத்து என்பது நான் வைத்த பெயர் இல்லை. ஆடத் தெரியாமல் வந்து பணத்தை விட்டுவிட்டுப் போகிறவரை, ஆடியே பிழைக்கிறவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ரொசால்வோ அப்படிப் பிழைக்கிறவன். வயது நாற்பத்தொன்று. முன்பு ஆறு வருஷம் ஒரு மருந்துக்கடை கவுண்டரில் நின்றான். கடையை மூடிவிட்டார்கள். வேறு வேலை தேடிப் பார்த்து அலுத்து, ஒரு போக்கர் குழுவில் சேர்ந்தான். நுழைவுப் பணத்தைக் குழு கட்டும், ஜெயித்தால் பாதியை எடுத்துக்கொள்ளும். சீட்டாட்டத்தில் அவன் சுமார்தான். ஆனால் குறிப்பெழுதுவதில் குழுவிலேயே அவனை அடிக்க ஆளில்லை.

அந்தத் தளத்தில் எதிராளியின் பெயரைத் தொட்டால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். அதில் நாம் எழுதுவது நமக்கு மட்டும் தெரியும். அடுத்த மாதமோ அடுத்த வருஷமோ அந்த ஆள் நம் மேஜைக்கு வந்தால், எழுதியது மறுபடி வந்து நிற்கும். குழுவின் பயிற்சியாளன் எய்டோர், இருபத்தாறு வயதுப் பையன், சாவ் பாவ்லோவிலிருந்து காதுக்குள்ளே பேசுவான். முதல் வகுப்பிலேயே அவன் சொல்லிவிட்டான்: "'இவன் மோசமா ஆடுறான்'னு எழுதினா அது குறிப்பு இல்ல அண்ணே, வயித்தெரிச்சல். அவன் எப்போ என்ன செய்வான், அப்போ நீங்க என்ன செய்யணும். இந்த ரெண்டும் இருக்கணும். ரெண்டாவது இல்லேன்னா எழுதாதீங்க, வேஸ்ட்."

ரொசால்வோ அதைச் சட்டமாகவே வைத்துக்கொண்டான். நாலாயிரத்துச் சொச்சம் பேரைப் பற்றி எழுதி வைத்திருந்தான். ஒருவன் தோற்றதும் அடுத்த ஆட்டத்தில் கண்மூடித்தனமாகப் பந்தயம் வைப்பான், பொறுத்திருந்து பிடி. ஒருத்தி சீட்டே இல்லாமல் மிரட்டுவாள், விடாதே. ஜெயித்தாலும் அவனுக்குச் சந்தோஷம் வருவதில்லை, தோற்றாலும் வருத்தம் வருவதில்லை. அது நல்ல ஆட்டக்காரனின் அடையாளம் என்று எய்டோர் மெச்சினான். இவனில்டி மட்டும் ஒரு நாள், "உனக்கு என்னவோ மரத்துப்போச்சுப்பா" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போனாள். அப்போது அவன் முறை வந்திருந்தது.

அந்த நாலாயிரம் பேரில் ஒரு பெயர் 'கடைசி ஸ்டாப்'. அந்தப் பெயருக்கு எதிரே பத்தொன்பது குறிப்புகள். வேறு யாருக்கும் அவன் அவ்வளவு எழுதியதில்லை.

முதல் குறிப்பு: "வந்ததும் எல்லாருக்கும் மத்தியான வணக்கம் சொல்வாள். யாரும் பதில் சொல்லாவிட்டால் அரை மணியில் எழுந்து போய்விடுவாள். பதில் சொல்."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. மனுஷன் மனுஷனுக்கு வணக்கம் சொல்வதற்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது அவனுக்கு. ஆனால் பலித்தது. "வணக்கம்மா, எப்படி இருக்கீங்க" என்று ஒரு வரி தட்டினால் போதும், அந்த அம்மா நாலைந்து மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

உட்கார்ந்தால் மேஜையின் பேச்சுப் பெட்டியில் பேசுவாள். பெயர் சுல்மிரா, வயது அறுபத்து மூன்று, சாந்தா கத்தரீனா மாநிலத்தில் லாஜிஸ் என்ற குளிர் ஊர். இருபத்தெட்டு வருஷம் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். மிஷின் வந்து கண்டக்டர் சீட்டைக் கழற்றிப் போட்டதும் வீட்டுக்கு வந்துவிட்டாள். புருஷன் இல்லை, மகன் போர்ச்சுகலில். எல்லாம் அவளே தட்டிய செய்திதான். ரொசால்வோ அதில் வேண்டியதை மட்டும் பொறுக்கி எழுதினான்.

ஏழாவது குறிப்பு: "மகன் போன் செய்த நாளில் ஜாக்கிரதையாக ஆடுவாள். செய்யாத நாளில் தாராளம். மகன் பேசினானா என்று ஆரம்பத்திலேயே கேள்."

பன்னிரண்டாவது: "வீட்டுக்குக் கீழே எர்னா ரொட்டிக்கடை. மூன்றரைக்கு ரொட்டி வாங்கப் போய்ப் பத்து நிமிஷத்தில் வருவாள். வந்து ஒரு மணி நேரம் தெளிவாக இருப்பாள். அப்போது மோதாதே."

பதினான்காவது: "பன்னிரண்டரைக்குச் சர்க்கரை ஊசி. சாப்பாட்டைத் தள்ளிப்போடுகிறவள். மூன்றரைக்குக் கீழே போகாத நாளில் நாலு மணிக்கு மேல் தடுமாறுவாள், எதையும் விடமாட்டாள். நல்ல சீட்டு வந்தால் மொத்தத்தையும் வை."

ஆறு வருஷம் இன்சுலின் விற்றவன் எழுதிய குறிப்பு இது. கவுண்டரில் நிற்கும்போது வாங்குகிற ஒவ்வொருவரிடமும், "ஊசி போட்டா உடனே சாப்பிட்டுடுங்க, இல்லேன்னா மயக்கம் வந்துடும்" என்று சொல்லி அனுப்பியவன்தான். தெரியாமல் எழுதினான் என்று யாரும் அவனுக்காக வாதாட வேண்டாம்.

அந்த ஜூலை ஞாயிறன்று பெரிய போட்டி. மூவாயிரம் பேர் ஆரம்பித்ததில் மூன்று மணிக்கு நூற்றைம்பது பேர் மிச்சம். ரொசால்வோவை எந்த மேஜைக்கு மாற்றினார்களோ அதே மேஜையில், அவனுக்கு வலப்பக்கம், கடைசி ஸ்டாப். அன்றைக்கு அவளுக்குச் சீட்டு கொட்டியிருந்தது. மேஜையிலேயே அவளிடம்தான் பந்தய வில்லைகள் அதிகம்.

"வணக்கம் சுல்மிராம்மா. பையன் பேசினானா?" என்று தட்டினான்.

"இல்ல தம்பி. அவனுக்கு ஷிப்டாம். நீ வந்தது நல்லதாப் போச்சு, இவங்க யாரும் வாயே திறக்க மாட்டேங்கறாங்க."

மூன்றரை ஆயிற்று. அவள் எழுந்து போகவில்லை. முன்னால் இவ்வளவு வில்லைகளை வைத்துக்கொண்டு யார்தான் போவார்கள். மூன்றே முக்காலுக்கு ரொசால்வோ கடிகாரத்தைப் பார்த்து, "கீழே போகவில்லை" என்று பத்தொன்பதாவது குறிப்பை எழுதினான். எய்டோர் காதுக்குள், "அப்போ நாலு மணிக்கு மேல அறுவடை அண்ணே" என்றான். ரொசால்வோ குழுவுக்கு அனுப்பிவைத்த குறிப்புகளை எய்டோரும் படித்திருந்தான்.

நாலு மணி ஐந்து நிமிஷத்துக்கு அவள் ஆட்டம் மாறியது. ஒவ்வொரு முறையும் கடைசி நொடி வரை யோசித்து, பிறகு ஒன்றுமில்லாத சீட்டுக்குப் பந்தயம் கட்டினாள். பேச்சுப் பெட்டியில், "ஒரு அடி முன்ன போங்க" என்று எழுதினாள்.

மேஜையில் ஒருவன், "க்க்க்க்" என்று சிரிப்பைத் தட்டினான்.

"ஒரு அடி முன்ன போங்க, பின்னால ஆளு ஏறுறாங்க. சில்லறை எடுத்து வைங்க."

"பாட்டி இன்னைக்கு நல்லா ஏத்திக்கிச்சு போல" என்றான் இன்னொருவன்.

ரொசால்வோவுக்கு அது சாராயம் இல்லை என்று அந்த நொடியிலேயே தெரிந்தது. சர்க்கரை இறங்கினால் பேச்சு குழறும், எங்கே இருக்கிறோம் என்பது மறக்கும். கவுண்டருக்கு முன்னாலேயே இரண்டு பேருக்கு அப்படி ஆகி, அவனே ஆரஞ்சு ஜூஸ் ஊற்றிக் கொடுத்திருக்கிறான். அதெல்லாம் நினைவுக்கு வந்தது. அதே நேரத்தில் அவன் கைக்கு நல்ல சீட்டும் வந்தது, இரண்டு கிங்.

மொத்தத்தையும் வைத்தான். அவள் விடவில்லை. அவளுடைய வில்லைகளில் பாதி இவன் பக்கம் வந்தது.

"சூப்பர் அண்ணே. மிச்சத்தையும் நீங்களே எடுங்க, வேற எவனாவது எடுக்கறதுக்குள்ள" என்றான் எய்டோர்.

அதற்கப்புறம் ரொசால்வோ என்ன நினைத்தான் என்று கேட்டால் சொல்வதற்கு அதிகமில்லை. ஒன்றும் நினைக்கவில்லை. அவள் எழுதுவதைப் படித்தான், பொருள் புரிந்தது, கை பந்தயத்தை வைத்தது. நாலு இருபதுக்கு ஒரு தடவை ஜெயித்தான். நாலரைக்கு இன்னொரு தடவை. அவள் நாலு முப்பத்தொன்றுக்கு, "டிரைவர் லைட்டைப் போடுங்க, இருட்டிடுச்சு" என்று எழுதினாள். அதன் பிறகு அவள் எதையும் தொடவில்லை. அவள் முறை வரும்போதெல்லாம் நேரம் ஓடித் தீர்ந்து, தளம் தானாக அவள் சீட்டைக் கவிழ்த்தது.

இவனில்டி கதவைத் திறந்துகொண்டு தட்டோடு வந்தாள். மத்தியானம் வைத்த களியும் கோழியும், சூடு பண்ணியது. தட்டை வைக்கக் குனிந்தவள் திரையில் இருந்ததைப் படித்துவிட்டாள்.

"யாருப்பா இந்த அம்மா? நாலரை மணிக்கு இருட்டிடுச்சுங்கறாங்க?"

"எதிராளி."

"இதெல்லாம் அவங்க எழுதினதா? ஒரு அடி முன்ன போங்க, சில்லறை எடுங்க..." அவள் மேலே நகர்த்திப் படித்தாள். பிறகு பக்கத்தில் திறந்திருந்த குறிப்புப் பெட்டியையும் படித்தாள். ஒவ்வொன்றாக, உதடு அசைய. பதினான்காவதில் நின்றாள்.

"நீ மருந்துக்கடையில இருந்தவன்தானே" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "இது என்னன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"எப்போலேருந்து?"

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். நாலு நாற்பத்திரண்டு. "நாலு அஞ்சுலேருந்து" என்றான். அதைச் சொல்லும்போதும் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. இவனில்டி அவன் காதிலிருந்த ஹெட்போனைப் பிடுங்கி மேஜைமேல் போட்டு, போனைக் கையில் திணித்தாள்.

ஆம்புலன்ஸ் எண்ணுக்கு அடித்தான். எடுத்தது எங்கள் ஊர் ஆம்புலன்ஸ். அந்தப் பெண் பொறுமையாகவே கேட்டாள்: "லாஜிஸ்ஸா? அது வேற மாநிலமாச்சே சார். அட்ரஸ் சொல்லுங்க, அங்க தகவல் கொடுக்கறேன். தெரு என்ன?"

தெரு அவனுக்குத் தெரியாது. மகன் பேசாத நாள் தெரியும், ஊசி போடுகிற மணி தெரியும், எவ்வளவு தோற்றால் கோபம் வரும் என்பதும் தெரியும். தெரு பெயர் ஆட்டத்துக்கு உதவாது என்று எழுதவில்லை. ரொட்டிக்கடை மட்டும்தான் குறிப்பில் இருந்தது. இவனில்டி தன் போனில் கடையின் எண்ணைத் தேடிப் பிடித்துச் சொல்ல, அவன் அடித்தான்.

"எர்னா ரொட்டிக்கடை. கடை மூடற நேரம், என்ன வேணும்?"

"மாடில சுல்மிராம்மா இருக்காங்களே, அவங்களுக்குச் சர்க்கரை இறங்கிடுச்சு. உடனே மேல போங்க. ஜூஸ் எடுத்துட்டுப் போங்க. முழிச்சிருந்தா மட்டும் கொடுங்க. ஆம்புலன்ஸையும் கூப்பிடுங்க."

"அட கடவுளே. இன்னைக்கு ரொட்டிக்கே வரலையேன்னு இப்பத்தான் நெனச்சேன். அவங்களுக்குன்னு கேக் ஒரு துண்டு எடுத்துகூட வெச்சேன்." சாவிக்கொத்து எடுக்கிற சத்தம் கேட்டது. "நீங்க யாரு, அவங்க பையனா?"

"இல்ல" என்றான். போனை வைத்தான்.

இதற்கப்புறம் அவன் செய்தது நம்பக் கஷ்டமாக இருக்கும். மறுபடி திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தான். இவனில்டி ஒரு நிமிஷம் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு கதவைச் சாத்திவிட்டுப் போனாள். அவன் ஆடினான். மூன்றாவதாக வந்தான். ஒரு வருஷத்தில் சேராத பணம் அன்று ஒரே நாளில் வந்தது. தட்டிலிருந்த களி கல்லாகியிருந்தது. அதைக் கையால் உடைத்து உடைத்துச் சாப்பிட்டான். ருசி தெரியவில்லை.

எர்னா மறுநாள் காலையில் போன் செய்தாள். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் நாற்காலியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. "லைட் போடப் போனாங்களாம்" என்றாள். "அரைமணி முன்னாடி தெரிஞ்சிருந்தா சர்க்கரைத் தண்ணியோட போயிருக்கும்னு டாக்டர் சொன்னார். என்ன பண்றது, யாருக்குத் தெரியும்?"

ரொசால்வோ "ஆமா" என்றான்.

செவ்வாய்க்கிழமைக் குழு வகுப்பில் எய்டோர் நாற்பது பேருக்கு முன்னால் திரையில் ஒரு குறிப்பைப் போட்டான். பதினான்காவது குறிப்பு. "குறிப்புன்னா இப்படி இருக்கணும். எப்போ என்ன செய்வா, அப்போ நாம என்ன செய்யணும். ஒரு வார்த்தை அதிகமில்ல. ரொசால்வோ அண்ணனுக்குக் கை தட்டுங்க." நாற்பது பேரும் தட்டினார்கள். ரொசால்வோ தன் பக்கத்து ஒலியை அணைத்து வைத்திருந்தான். போட்டி நாளில்கூட வியர்க்காத அவன் உள்ளங்கைகள் அன்று ஈரமாக இருந்தன. ஏனென்று அவனுக்கு உடனே பிடிபடவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில், சுல்மிராவே கூப்பிட்டாள். நம்பரை எர்னாவிடம் வாங்கியிருந்தாள். எழுத்தில் மட்டுமே தெரிந்தவளின் குரல் அவன் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

"தம்பி, நீதானா அது? வாக்கரைப் பிடிச்சுட்டு இன்னைக்குத்தான் ஹால் வரைக்கும் வந்தேன். உனக்குத்தான் முதல் போன். கேக் அனுப்பச் சொல்லியிருக்கேன் எர்னாகிட்ட, அட்ரஸ் கொடு. உன் புண்ணியத்துல உசுரோட இருக்கேன்."

"சரிம்மா."

"எப்படிப்பா கண்டுபிடிச்ச? பெத்த பையனுக்கே தெரியல. மத்தவங்க நான் குடிச்சிருக்கேன்னு நெனச்சாங்களாம்."

அதிர்ஷ்டம்தான் அம்மா என்று சொல்லியிருக்கலாம். அவளும் நம்பியிருப்பாள். இவனில்டி காய் நறுக்குவதை நிறுத்தி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் போனைப் பிடித்தபடியே பின்னறைக்குப் போய், கம்ப்யூட்டரைத் திறந்து, பத்தொன்பது குறிப்புகளையும் ஒன்று விடாமல் அவளுக்குப் படித்துக் காட்டினான். 'பதில் சொல்' என்பதையும் படித்தான். 'மொத்தத்தையும் வை' என்பதையும் படித்தான். கடைசியில், "எனக்கு நாலு அஞ்சுக்கே தெரிஞ்சுடுச்சு. கூப்பிட்டது நாலு நாற்பத்திரண்டுக்கு" என்றான்.

 அந்தப் பக்கம் தெருவில் லாரி போவது போனில் கேட்டது.

"வணக்கம் சொன்னதும் இதுக்குத்தானா" என்றாள்.

"ஆமாம்மா."

"என் புத்தியைச் சொல்லணும். வணக்கம் சொல்ல ஒரு ஆள் கிடைச்சான்னு பென்ஷனைக் கொண்டுபோய்க் கொட்டிட்டு உட்கார்ந்திருந்தேன். அது என் தப்பு, உன்மேல போட மாட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. இருபத்தெட்டு வருஷம் நானும் இதைத்தான் செஞ்சேன். யாரு எங்க ஏறுவா, எங்க இறங்குவா, எவன் சில்லறை இல்லேன்னு நடிப்பான், எல்லாம் அத்துப்படி. ஆஸ்பத்திரியில பெருக்கற பொண்ணு ஒருத்தி ஏறுவா. உட்கார்ந்த உடனே தூங்கிடுவா. சம்பள நாள்ல மடியில பையைத் திறந்தபடியே போட்டுட்டுத் தூங்குவா. அவ ஸ்டாப் வந்ததும் தோளைத் தட்டி எழுப்புவேன். நான் ஆளைக் கவனிச்சு வெச்சது அதுக்குத்தான். நீயும் என்னை அப்படித்தான் கவனிச்சிருக்க, என் பையனைவிட நல்லாவே. ஆனா நான் தூங்கிட்டேன்னு தெரிஞ்சதும் நீ எழுப்பல. பைக்குள்ள கையை விட்ட."

ரொசால்வோ திரையை அணைத்தான்.

"அடுத்தவங்க எங்க பலவீனமா இருக்காங்கன்னு தெரிஞ்சுக்கறதுல தப்பே இல்ல தம்பி. தெரிஞ்சப்புறம் நீ என்ன செய்யறேங்கறதுலதான் நீ மனுஷனா இல்லையாங்கறது இருக்கு. வைக்கிறேன். கேக் வராது."

போன் அணைந்தபிறகும் ரொசால்வோ அதைக் காதிலேயே வைத்திருந்தான். இவனில்டி வந்து எடுத்து வைத்தபோதுதான் அவன் அழுகிறான் என்று பார்த்தாள். அவனுக்கே அது தெரிந்திருந்ததா என்று சொல்ல முடியாது. அவள் தேற்றவில்லை. பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

அன்று மாலை எய்டோருக்குப் போன் செய்து, "அந்தக் குறிப்பை வகுப்புலேருந்து எடுத்துடு. நானும் விலகிக்கறேன்" என்றான்.

"ஏன் அண்ணே? அதுதான் நம்மகிட்ட இருக்கறதுலேயே பெஸ்ட்."

"அது ஒரு ஆளைப் பத்தினது."

எய்டோருக்குப் புரியவில்லை. எல்லாக் குறிப்பும் ஆளைப் பற்றியதுதானே என்றான். ரொசால்வோ போனை வைத்துவிட்டான். நாலாயிரத்துச் சொச்சம் பெயர்களையும் அழிக்க அவனுக்கு இரண்டு நாள் பிடித்தது. ஒரே பொத்தானில் அழிக்க வழியில்லை, ஒவ்வொன்றாகத் திறந்துதான் அழிக்க வேண்டும், அதனால் எல்லாவற்றையும் படிக்கவும் வேண்டியிருந்தது. கடைசி ஸ்டாப்பின் பன்னிரண்டாவது குறிப்பை மட்டும் அழிக்காமல் ஒரு காகிதத்தில் எழுதி, பிரிட்ஜ் கதவில் மளிகைப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டினான். முன்பாதியை அப்படியே எழுதினான்: "மூன்றரைக்கு ரொட்டி வாங்கப் போய்ப் பத்து நிமிஷத்தில் வருவாள்." பின்பாதியை மாற்றினான்: "போகாவிட்டால் எர்னாவுக்குப் போன் செய்."

இப்போது அவன் வேறொரு மருந்துக்கடையில் நிற்கிறான். ஞாயிறு மத்தியானம் அவனுக்கு விடுப்பு. மூன்றே முக்காலுக்கு எர்னா கடைக்கு அடிக்கிறான். சுல்மிரா அவனோடு பேசுவதில்லை, அவனும் கேட்பதில்லை. வந்தாங்களா என்பான், வந்தாங்க என்பாள் எர்னா, வைத்துவிடுவான்.

போன ஞாயிறு எர்னா உடனே வைக்கவில்லை.

"இருங்க, அவங்க பக்கத்துலதான் நிக்கறாங்க. உங்களுக்கு ஒரு சேதி சொல்லச் சொல்றாங்க."

"என்ன?"

எர்னா போனை விலக்கிக் கேட்டுவிட்டு வந்தாள். "ஸ்டாப் வந்துடுச்சாம். முழிச்சுத்தான் இருக்காங்களாம்."